தலைவர் இருந்த மூன்று இடங்கள்

நாடு முழுகிக்கொண்டிருந்த அன்று காலையில் தலைவருக்குப் பல்வலி.

மழை நாள்கணக்காகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு தன் கரையை மறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தலைநகரில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. பல் டாக்டரும் திறந்திருக்க வேண்டியதில்லைதான். ஆனால் அவர் குடியிருந்தது மருத்துவமனையின் மேல்மாடியில். தனிக்கட்டை வேறு. இறங்கி வந்து கதவைத் திறப்பதைவிட நல்ல பொழுதுபோக்கு அவருக்குத் தெரியாது. அரசியல் பேசமாட்டார். அவருடைய தொழிலில் அது ஒரு வசதி: எதிரே உட்கார்ந்திருப்பவராலும் பேச முடியாது.

வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. நாலு குடைகள் இறங்கின. அவற்றுக்கு நடுவில் கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு தலைவர் இறங்கினார். பின்னாலேயே அவருடைய அந்தரங்கச் செயலாளர், காதில் ஒரு தொலைபேசியும் கையில் ஒரு தொலைபேசியுமாக.

"டாக்டர், நாங்க இங்க வரல," என்றார் செயலாளர், உள்ளே வந்ததும்.

"சரிங்க."

"தலைவர் இப்ப வேற இடத்துல இருக்கார். எந்த இடம்னு சாயங்காலம் அறிவிப்போம்."

டாக்டர் கை கழுவினார். தலைவரின் வாயைப் பார்த்தார். கீழ்த்தாடையில் ஞானப்பல் அழுகிப்போயிருந்தது. தலைவருக்கு ஞானம் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது என்று யோசித்து, "கடைசிப் பல்லுங்க. எடுத்துடலாம்," என்றார். தலைவர் கண்ணாலேயே உத்தரவிட்டார். ஊசி போட்டதும் பாதி வாய் செத்துப்போனது.

அந்த நேரத்தில்தான் செயலாளரின் தொலைபேசி அடித்தது. செயலாளர் எண்ணைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு, தொலைபேசியைத் தலைவரின் மார்பின் மேல் வைத்தார்.

"தலைவர் கேட்டுக்கிட்டிருக்கார். பேசுங்க."

"ஐயா, மேலணை இன்ஜினியர் பேசறேங்க," என்றது ஒரு நடுங்கிய குரல். "தண்ணி விளிம்புக்கு வந்துடுச்சு. மதகைக் கொஞ்சங்கொஞ்சமா திறந்தா ஊர் தாங்கிக்கும். தலைவர் வாயால சொல்லாம யாரும் மதகுல கை வைக்கக் கூடாதுன்னு போன வருஷம் சட்டம் போட்டிருக்கீங்க. என்னங்க செய்யட்டும்?"

தலைவர் "ழ்ழா" என்றார்.

டாக்டருக்கு வேலையில் இறங்கிவிட்டால் காது கேட்காது. ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் குறடுமாகக் குனிந்து, "திறங்க," என்றார்.

"உத்தரவுங்க. எவ்வளவு திறக்கட்டும்?"

"இன்னும் கொஞ்சம்."

"சரிங்க."

"பத்தல. நல்லாப் பெரிசா திறங்க. முழுசா."

"முழுசாங்களா? ஆபத்து ஒண்ணும் வராதுங்களா?"

"பயப்படாதீங்க. வலிக்கவே வலிக்காது. நான் பாத்துக்கறேன்."

"உத்தரவு," என்றது குரல், அழுவதுபோல. இணைப்பு அறுந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். "யாருங்க அது?"

"மேலணை இன்ஜினியர்."

குறடு அந்தரத்தில் நின்றது. "ஐயையோ! நான் வாயைத் திறக்கச் சொன்னேங்க! அந்த மனுஷன் அணையைத் திறந்துடப் போறார். உடனே கூப்பிட்டுச் சொல்லுங்க!"

செயலாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்ன பேசறீங்க டாக்டர்? தலைவர் மார்பு மேல இருந்த போன்ல போன உத்தரவு. அதை நான் மாத்தறதா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. மாத்தணும்னா தலைவர்தான் வாயைத் திறந்து சொல்லணும்."

இருவரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் எச்சில் வடிய "ழ்ழூ" என்றார்.

"பாத்தீங்களா," என்றார் செயலாளர். "மாத்தல."

டாக்டர் தன் சொந்தத் தொலைபேசியில் அணை அலுவலகத்தைக் கூப்பிட்டார். நெருக்கடி காலத்தில் பொதுமக்கள் அழைத்து நெருக்கடியை உண்டாக்க வேண்டாம் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லிவிட்டு ஓய்ந்தது. வேறு வழியில்லாமல் பல்லைப் பிடுங்கினார். ஈறில் தையல் போட்டார். தலைவர் நாற்காலியிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார்.

நண்பகலுக்குள் ஆறு கீழ்த்தெருவுக்கு வந்துவிட்டது. கீழ்த்தெருவில்தான் டாக்டரின் அக்கா இருந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காவலர்கள் மறித்தார்கள்.

"எங்க அக்கா வீடு முழுகுதுய்யா!"

"புரியுது சார். ஆனா தலைவர் இங்க இல்லாத வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாதுன்னு உத்தரவு."

"அவர் உள்ளதான தூங்கறார்?"

"அதான் சொல்றேன். அவர் இங்க இல்ல. நீங்க வெளிய போய் இருக்கார்னு சொல்லிட்டா?"

தலைவர் எழுந்து கன்னத்தைத் தடவிக்கொண்டு போனபோது பாலத்துக்கு அந்தப் பக்கம் கீழ்த்தெருவின் கூரைகள் மட்டும் தெரிந்தன.

அன்று மாலை பேரிடர் அமைச்சகம் அறிவித்தது: தலைவர் விடியற்காலையிலிருந்து கட்டுப்பாட்டு அறையில் கண் இமைக்காமல் அமர்ந்திருந்தார். சற்று நேரத்தில் செய்தி அமைச்சகம் அறிவித்தது: தலைவர் விடியற்காலையிலிருந்து கீழ்த்தெருவில் படகில் சென்று மக்களைத் தம் கையாலேயே தூக்கினார். ராணுவம் தாமதமாகத்தான் விழித்தது, ஆனால் விடவில்லை. தலைவர் விடியற்காலையிலிருந்து ஹெலிகாப்டரில், வானத்தில். மூன்றுக்கும் புகைப்படங்கள் இருந்தன. படகுப் படத்தில் தலைவரின் சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. ஹெலிகாப்டர் படத்தில் அவர் கீழே சுட்டிக் காட்டிய இடத்தில் ஒரு பூங்கா பச்சைப்பசேல் என்று இருந்தது.

அக்கா மூன்றாம் நாள் வந்துசேர்ந்தாள். லாரி டியூப் இரண்டைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஒரு கதவைப் போட்டு, தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் அவளை மொட்டை மாடியிலிருந்து இறக்கியிருந்தார். மேடு வந்ததும் நடத்தியே அழைத்து வந்து வாசலில் விட்டுவிட்டு, இன்னும் ஆள் இருக்கிறது என்று திரும்பிப் போனார்.

அக்கா சுடுசோறு சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டாள்.

"நீ ஏன்டா வரல? மாடியில நின்னுக்கிட்டு, தம்பி வந்துடுவான், தம்பி வந்துடுவான்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"விடலக்கா. தலைவர் இங்க என் நாற்காலியில இருந்தார். வாசல்ல போலீஸ். சத்தியமா விடல."

அக்கா அந்த நாற்காலியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். "சரி விடு. நீ என்ன பண்ணுவே, பாவம்," என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போனாள். அணையைத் திறக்கச் சொன்ன கதையை டாக்டர் சொல்லவில்லை. சொல்ல வாய்வரை வந்தது; அவள் கால்விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்ததைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

அடுத்த வாரம் அவருக்கு அழைப்பு வந்தது. 'தலைவர் இருந்த இடங்கள் ஒருங்கிணைப்புக் குழு'வின் முன் ஆஜராக வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. அவருக்கு முன்னால் பேரிடர், செய்தி, ராணுவம் என்று மூன்று மேசைகள். மூன்று மேசையினரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"தலைவர் மூணு இடத்துலயும் இருந்தார் என்பதில் எங்களுக்குள்ள கருத்து வேறுபாடே இல்லை," என்றார் நீதிபதி. "ஒரே நேரத்துல இருந்தார் என்பதிலும் இல்லை. முதல்ல எங்க இருந்தார் என்பதில்தான் சின்ன சிக்கல்."

"முதல்ல அறையில," என்றது பேரிடர் மேசை. "எல்லாத்துக்கும் அறைதான் மூலம். அறை இல்லேன்னா பேரிடரே கிடையாது."

"ஜனங்களுக்குப் படகுதான் பிடிச்சிருக்கு," என்றது செய்தி மேசை. "பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு ஓவியம்கூடப் போட்டாச்சு. இப்பப் போய் அவரை இறக்குன்னா எங்க இறக்குறது? சுத்தி தண்ணி."

ராணுவ மேசை எழுந்து நின்றது. "மேல இருந்தவர் கீழ வரலாம். கீழ இருந்தவர் மேல போக முடியாது. ஆகவே முதலில் ஹெலிகாப்டர்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர், நீங்க சொல்லுங்க. தலைவர் எங்க இருந்தார்?"

டாக்டர் உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று நம்பும் வயதில் இருந்தார். "என் மருத்துவமனையிலங்க. பல்லு எடுத்தேன்."

மூன்று மேசைகளும் அன்றுதான் முதன்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன.

"நாலாவது இடமா?" என்றார் நீதிபதி வருத்தத்தோடு. "இருக்கிற மூணுக்கே நினைவுத்தூண் வைக்க நிதி இல்லை. நீங்க வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சிட்டு வாங்க."

இதற்கிடையில் தலைவரின் கன்னம் வீங்கத் தொடங்கியது. தையலை எடுக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது. ஆனால் தையலை எடுக்க வேண்டுமானால் தையல் போட்டிருக்க வேண்டும். தையல் போட்டிருந்தால் பல் எடுத்திருக்க வேண்டும். பல் எடுத்திருந்தால் படகு, அறை, ஹெலிகாப்டர் மூன்றும் கவிழும். ஆகவே வீக்கத்துக்கு விளக்கம் தந்தார்கள். தொலைபேசியைக் கன்னத்திலேயே வைத்திருந்ததால் என்றது பேரிடர். மிதந்து வந்த மரக்கட்டை ஒரு குழந்தையின் மேல் மோதவிடாமல் கன்னத்தைக் கொடுத்தார் என்றது செய்தி. மேகம் மோதியதால் என்றது ராணுவம்.

மக்கள் மனம் உருகியது. மக்களைவிட வேகமாக அதிகாரிகள் உருகினார்கள். முதலில் ஒரு துணை அமைச்சர் கன்னத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் அமைச்சரவையே கட்டுப் போட்டுக்கொண்டது. பிறகு வெறும் கட்டு போதவில்லை. டாக்டரின் மருத்துவமனையில் காத்திருக்க இடமில்லாமல் போனது.

"எந்தப் பல்லு வலிக்குது?" என்று கேட்டார் டாக்டர், ஒரு வருவாய்த் துறை அதிகாரியிடம்.

"ஒண்ணும் வலிக்கல டாக்டர். அதான் பிரச்சனை. இடது பக்கம் கொஞ்சம் வீங்க வைக்கணும்."

"நல்ல பல்லை நான் எப்படிங்க..."

"என் பக்கத்து அறைக்காரனுக்கு எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருக்கு. அவன் எனக்கு ஜூனியர். என் நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

டாக்டர் ஒரு பஞ்சு உருண்டையைச் சுருட்டி வாய்க்குள் வைத்து அனுப்பினார். அது ஊரெல்லாம் பரவியது. கொஞ்ச நாளில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் யாரும் யாருக்கும் புரியும்படி பேசவில்லை. வேலை என்னவோ வழக்கம்போலத்தான் நடந்தது.

நிவாரணமும் அப்படித்தான் வந்தது. கீழ்த்தெருக்காரர்களில், தலைவரின் கையைப் பிடித்துப் படகில் ஏறினேன் என்று சொன்னவர்களுக்கு ஓர் அடுப்பும் ஒரு போர்வையும். அக்கா, "டியூப்ல வந்தவங்களுக்கு என்ன தருவீங்க?" என்று கேட்டாளாம். டியூபுக்கு விதியில்லை என்றார்களாம். தலைவர் மீட்டுக்கொண்டிருந்த பகுதியில் அனுமதியின்றி மீட்டதற்காகப் பஞ்சர் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டியூப்கள் சாட்சியப் பொருளாயின. அக்கா அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், பிடித்தேன் என்று சொல்லி அடுப்பை வாங்கி வந்தாள்.

"எல்லாரும் பிடிச்சோம்னு சொல்றாங்க," என்றாள் தம்பியிடம். "சொல்லச் சொல்ல, பிடிச்ச மாதிரியே இருக்குடா."

கடைசியில் சீழ்தான் ஜெயித்தது. காய்ச்சல் கண்டு தலைவர் வலியில் ஒரு மந்திரியைக் கடித்துவிட்டார் என்று பேச்சு. ஒரு காலைப்பொழுதில் டாக்டரைத் தலைவரின் மாளிகைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

"இல்லாத தையலை எடுக்கணும்," என்றார் செயலாளர்.

"எடுத்துடலாங்க."

டாக்டர் சீழை வடித்துச் சுத்தம் செய்து, தையலை வெட்டி எடுத்தார். தலைவர் நெடுநாளைக்குப் பிறகு வாயை அசைத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"கை நல்ல கை டாக்டர்," என்றார். "ஆமா, வெள்ளத்தன்னிக்கு நான் எங்க இருந்தேன்?"

டாக்டர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார்.

"என்கிட்டதாங்க இருந்தீங்க. பல்லு எடுத்தோம்."

தலைவர் சிரித்தார். "இல்லையே! படகு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே. தண்ணி சில்லுனு இருந்தது. ஒரு கிழவி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. படத்துல பாத்தேன். பாத்ததும் எனக்கே அழுகை வந்துடுச்சு." அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "யோசிச்சுப் பாருங்க. ஊரே நான் படகுல இருந்தேன்னு சொல்லுது. ஊரே சொல்றதை நான் ஒருத்தன் மட்டும் இல்லேன்னா, அதுக்குப் பேர் சர்வாதிகாரம் இல்லையா? நான் அப்படிப்பட்டவன் இல்ல."

குழு மறுபடி கூடியபோது அங்கே ஓர் ஒல்லியான மனிதர் நின்றுகொண்டிருந்தார். மேலணை இன்ஜினியர். அணையைத் திறந்தது யார் என்ற கேள்வி கிளம்பிவிட்டிருந்தது. உத்தரவில்லாமல் திறந்தவருக்குத் தூக்கு.

"குரல் எனக்கு மறக்கவே இல்லீங்க," என்றார் இன்ஜினியர். "அன்பான குரல். பெரிசா திறங்க, வலிக்காது, நான் பாத்துக்கறேன்னு சொல்லிச்சு. தலைவர் குரல்னு நினைச்சேன். அவர் எங்ககிட்ட அவ்வளவு அன்பாப் பேசினதில்லைதான். ஆபத்துக் காலம், மனசு இளகியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

"முதல்ல படகுதான்னு தலைவரே சொல்லிட்டார். படகுல போன் இல்லை," என்றார் நீதிபதி. "அப்ப அது யார் குரல்? டாக்டர், நீங்க எழுந்து 'பெரிசா திறங்க'ன்னு ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

டாக்டர் எழுந்தார்.

"நான் வாயைத்தாங்க..."

"யார் வாயை? உங்க மருத்துவமனையில யாரும் இல்லைன்னு முடிவாயிடுச்சு. நாடு முழுகும்போது, தலைவர் மூணு இடத்துல உயிரைக் கொடுத்துக்கிட்டிருக்கும்போது, ஆளில்லாத அறையில நின்னுக்கிட்டு யாரைப் பாத்துத் திறங்கன்னு சொன்னீங்க?"

அப்போது செயலாளர் எழுந்தார். "ஐயா, தலைவருக்கு இன்னிக்குக் காலையில ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. படகுல துடுப்புப் போட்டது இந்த டாக்டர்தானாம்."

செய்தி மேசை உடனே குறித்துக்கொண்டது.

நீதிபதியின் முகம் கனிந்தது. "அப்படியா டாக்டர்? படகுல இருந்திருந்தா நீங்க போன்ல பேசியிருக்கவே முடியாது. படகுல இல்லேன்னா..." அவர் முடிக்கவில்லை.

டாக்டர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்; குரலை அடையாளம் கண்டுகொண்ட கண்கள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். தன் கழுத்து எவ்வளவு மெல்லியது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"படகுலதான் இருந்தேன்," என்றார்.

"அப்ப அந்தக் குரல் யாரோடதுங்க?" என்று கேட்டார் இன்ஜினியர்.

குழு உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தது. நீதிபதி தீர்ப்பை வாசித்தார். அன்பாகவும் அடையாளம் தெரியாமலும் ஒலித்து, தனக்குக் கேடு வருவது தெரியாமல் பெரிதாகத் திறக்கச் சொன்ன அந்தக் குரல் மக்கள் குரலே. மக்கள் கேட்டார்கள், அணை திறந்தது. மக்கள் குரலுக்குச் செவிசாய்த்ததற்காக இன்ஜினியருக்குப் பதவி உயர்வு. உத்தரவில்லாமல் செவிசாய்த்ததற்காகப் பதவிநீக்கம். இரண்டும் உடனே அமலுக்கு வரும்.

டாக்டருக்கு வீரப்பதக்கம் கிடைத்தது. பெரிய அரங்கம். முன்வரிசையில் தலைவர் மீட்ட கீழ்த்தெருக்காரர்களை உட்கார வைத்திருந்தார்கள். அவர்களில் அக்காவும் இருந்தாள். வீடு வீடாகப் படகை வலித்துச் சென்ற வரலாற்றை அறிவிப்பாளர் உருகி உருகி வாசித்தார். உண்மைதானா என்று தலைவர் புன்னகையோடு கேட்க, ஒலிவாங்கியில் டாக்டர் ஆமாம் என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அக்காவும் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டுத் தட்டினாள்.

பதக்கத்தோடு ஒரு காவலரும் வீட்டுக்கு வந்தார். வீரர்களுக்கு வாசலில் காவல் போடுவது வழக்கமாம். அவர் கதவருகிலேயே ஒரு முக்காலியைப் போட்டு, காதை உள்பக்கமாக வைத்து உட்கார்ந்தார்.

அக்கா சமையலறையில் நின்றபடி, புது அடுப்பைப் பற்றவைக்காமல், தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலியில இருந்தார், போலீஸ் விடலன்னு சொன்னியேடா."

டாக்டர் பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு அதைக் கேட்டதும்தான் எனக்கு மனசு ஆறிச்சு. வர முடியாமப் போச்சு, வராம இருக்கலேன்னு." அவள் குரலை உயர்த்தவில்லை. "இப்ப படகுல வந்தேங்கிற. நம்ம தெருவுக்கே வந்தேங்கிற. நான் சிவப்புப் போர்வையைக் கம்புல கட்டி ரெண்டு நாளா ஆட்டிக்கிட்டு நின்னேனே. நீ பாக்கலையா?"

வாசலில் முக்காலி கிறீச்சிட்டது.

அக்கா அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, சின்ன வயதில் அவன் உடைத்ததை எல்லாம் பூனை உடைத்ததாகச் சொல்லிக்கொடுத்த அதே குரலில் கேட்டாள்:

"படகுல கூட்டம் ஜாஸ்தியோ?"

"ஆமாக்கா," என்றார் டாக்டர். "இடமே இல்ல."

"அதானே பாத்தேன்," என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தெருவுக்கே போய்விட்டாள். அங்கே முழங்காலளவுத் தண்ணீர் இன்னும் வடியாமல் நின்றுகொண்டிருந்தது.